திட்டு வாங்கிய கையோடு ஊசியைத் தொடாதீர்கள்

இரவு இரண்டு மணி. "ஏய், எத்தனை தடவை கூப்பிடறது? சம்பளம் வாங்கிட்டுத் தூங்கவா வந்திருக்கே?" என்று ஒரு படுக்கையிலிருந்து குரல் வருகிறது. அந்த நேரத்தில் செவிலியர் கையில் இருப்பது வேறொரு நோயாளிக்குப் போட வேண்டிய இன்சுலின். வசவு மனதை எப்படிப் புண்படுத்துகிறது என்று பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அந்த இன்சுலினைப் பற்றிப் பேசுவது குறைவு. நெஞ்சு படபடக்க நிற்பவர் அடுத்து எத்தனை யூனிட் அளக்கப் போகிறார் என்பதும் இதே பிரச்சினைதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 24 குழுக்களை அழைத்து, குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென மோசமாவதுபோல் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். 2015-ல் அந்த ஆய்வு வெளியானது. வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் சில குழுக்களை மட்டம்தட்டிப் பேசினார், மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினார். மட்டம்தட்டப்பட்டவர்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையைச் செய்வதிலும் பின்தங்கினார்கள். ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் அவர்களிடம் குறைந்துபோனது. 2017-ல் வந்த அடுத்த ஆய்வில் குழந்தையின் தாயே கடுமையாகப் பேசுவதுபோல் அமைத்தார்கள். அப்போதும் குழுக்களின் வேலை தடுமாறியது. இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் இல்லை, இதே வேலையைத் தினமும் செய்பவர்கள்.

அதனால் திட்டு வாங்கிய கையோடு மருந்து அளக்காதீர்கள். இன்சுலின், ஹெப்பரின் (ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது), பொட்டாசியம், மார்ஃபின் என்று அளவு தவறினால் ஆபத்தான மருந்து என்றால் கண்டிப்பாக இன்னொருவரைக் கூப்பிட்டு, "இப்பத்தான் ஒருத்தர் கத்திட்டுப் போனார், அளவை ஒரு தடவை பாருங்க" என்று சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பார்ப்பவர் பேருக்குத் தலையாட்டாமல் உண்மையிலேயே பார்ப்பார். லேபிள் ஒட்டாத சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போக நேர்ந்தால், திரும்பி வந்து அதையே எடுக்காதீர்கள். அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கத்துகிறவரிடம் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. குணம் பிறகு. நேற்றுவரை "சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர் இன்று ஒருமையில் ஏசுகிறார் என்றால், அது புதிய அறிகுறி. ஆக்சிஜன் அளவைப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கையை எண்ணுங்கள். சர்க்கரை பாருங்கள், 70-க்குக் கீழே இறங்கினால் எரிச்சலும் குழப்பமும் வரலாம், பார்ப்பவருக்குத் திமிராகவே தெரியும். வலி எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ மூத்திரப்பை நிரம்பி நிற்பது வயதானவர்களை மூர்க்கமாக்கும் காரணங்களில் ஒன்று. குழாயைச் சரிசெய்ததும் அதே மனிதர் அமைதியாகித் தூங்கிப் போகலாம். தலையில் அடி, காய்ச்சல், சோடியம் குறைவு, கல்லீரல் செயலிழப்பு, ஸ்டீராய்டு மருந்து எல்லாமே பேச்சை மாற்றக்கூடியவை.

மதுப்பழக்கம் உள்ளவரிடம் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் எரிச்சலும் ஆரம்பிக்கும். கடுமையான பிதற்றல் பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்தில் வரும். அட்மிஷன் ஆன இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரென எல்லோரையும் திட்ட ஆரம்பிப்பவரை இந்தக் கணக்கோடு பாருங்கள். டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. பொறுத்துப் போனால் வலிப்பில் முடியலாம்.

குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். வாரத்தின் நாட்களை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் தொலைந்துபோகிறாரா, கேள்வியையே மறந்துவிடுகிறாரா? காலையில் தெளிவாக இருந்து சாயங்காலம் மாறுகிறாரா? இந்த ஏற்ற இறக்கமும் கவனம் நிற்காமையும்தான் டெலீரியத்தின், அதாவது நோயால் திடீரென வரும் மனக்குழப்பத்தின், அடையாளம். அப்படிப்பட்டவரிடம் "மரியாதையாப் பேசுங்க" என்று எல்லை வகுத்துப் பயனில்லை, அந்த வாக்கியம் உள்ளே தங்காது. கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்துக் கொடுங்கள், விளக்கைப் போடுங்கள், நீங்கள் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

உடம்பில் இப்படி எதுவும் இல்லை, தெளிவாகவும் இருக்கிறார், ஆனாலும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார். இங்கேதான் வார்த்தை முக்கியம். "கத்தாதீங்க", "அமைதியா இருங்க", "அதுதான் ரூல்ஸ்", "எனக்கு நீங்க ஒருத்தர்தான் பேஷண்டா?" இந்த நான்கும் எரிகிற நெருப்பில் எண்ணெய். நான்குமே அவர் சொல்ல வந்த விஷயத்தைத் தொடாமல் அவர் நடத்தையை மட்டும் தொடுகின்றன. முதல் பதில் விஷயத்துக்குப் போகட்டும்:

"ஐயா, பெல் அடிச்சு ரொம்ப நேரம் ஆச்சு, காக்க வெச்சுட்டோம். வலிக்கு மருந்து எடுத்துட்டு வரேன். ஆனா அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாதீங்க. நான் உங்களை நீங்கன்னுதான் கூப்பிடறேன்."

இதில் நடந்ததை ஒப்புக்கொள்வது முதலில், செய்யப்போவது அடுத்தது, எல்லை கடைசியில். வரிசை மாறி எல்லை முன்னால் வந்தால், அவர் காதில் அது மட்டும்தான் விழும். குரலைத் தாழ்த்தி, இரண்டு கை நீளத்துக்குத் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நின்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டே போனால் அது வாக்குவாதமாகிவிடும். 'நீங்க'வை எந்தக் கோபத்திலும் விடாதீர்கள். நீங்களும் ஒருமைக்கு இறங்கிவிட்டால், பிறகு விசாரணை என்று வரும்போது அந்த ஒரு 'நீ' மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மீண்டும் அதே வார்த்தை வந்தால்: "இப்படியே பேசினா நான் வெளியே போயிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு வரேன். நிறுத்தினீங்கன்னா இப்பவே கட்டை மாத்திடலாம். எது வசதி?" சொன்னால் செய்ய வேண்டும். போவதற்கு முன் மூச்சு, ரத்தக்கசிவு, ஓடிக்கொண்டிருக்கும் டிரிப், கட்டிலின் பக்கக் கம்பி, கைக்கு எட்டும் பெல் இவை சரியா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்தாவது நிமிடம் திரும்பி வாருங்கள். வலி மருந்தைத் தள்ளிப்போடுவதையோ ஊசி போட்டுத் தூங்கவைப்பதையோ ஒருபோதும் மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். அந்த இடத்தில் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து நழுவிவிடும்.

"இதோ வரேன்" என்ற சொல்தான் பாதிச் சண்டைக்கு விதை என்பது என் உறுதியான கருத்து. "பத்து நிமிஷத்துல வரேன், முடியலன்னா வந்து சொல்றேன்" என்பது அதைவிட நான்கு வார்த்தைகள்தான் அதிகம். கத்தும்போது மட்டும் ஓடிப்போனால், கத்தினால்தான் ஆள் வரும் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். திட்டுகிறவர் படுக்கைக்கு அவர் கூப்பிடாதபோதும் மணிக்கு ஒருமுறை போங்கள்: வலி, படுத்திருக்கும் நிலை, கழிப்பறை, தண்ணீரும் போனும் கைக்கு எட்டுகிறதா. மனசு ஒத்துழைக்காது, அந்தப் பக்கமே போகாமல் இருக்கத்தான் தோன்றும். அந்த விலகலைத்தான் அவர் அடுத்த முறை உரக்கக் கேட்பார்.

உடலைப் பற்றியோ பாலியல் சாடையாகவோ பேசுபவர் தனி ரகம். சங்கடத்தில் வரும் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொள்வார். "இப்படிப் பேசறது தப்பு, நிறுத்துங்க" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதன்பின் தனியாகப் போகாதீர்கள், குளிப்பாட்டவும் கட்டு மாற்றவும் இரண்டு பேராகப் போங்கள். ஆளை மாற்றுவது அந்த ஷிஃப்டை நடத்தும் சார்ஜ் நர்ஸின் பொறுப்பு, இளையவர் கெஞ்சிக் கேட்டுப் பெற வேண்டிய சலுகை அல்ல.

உறவினர்கள் கூட்டமாகச் சூழ்ந்தால் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவரை மட்டும் படுக்கையிலிருந்து தள்ளி அழைத்துப் பேசுங்கள். நம் பக்கத்திலும் ஒருவர்தான் பேச வேண்டும்.

பேச்சு கைகலப்பாகுமா என்று கணிக்க ப்ரோசெட் பட்டியல் (வன்முறை அபாயத்தை மதிப்பிடும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல்) உதவும். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், உடலால் மிரட்டுவது, வாயால் மிரட்டுவது, பொருட்களைத் தாக்குவது என்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொண்டு செக்யூரிட்டியையும் டாக்டரையும் முன்கூட்டியே அழைக்க வேண்டும். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் அவர் வராதபடி நில்லுங்கள். கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பையும் பாக்கெட்டில் இருக்கும் கத்தரிக்கோலையும் வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "நோயாளி ஆக்ரோஷமாக இருந்தார்" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. "02:10. வலி மருந்து கேட்டு 20 நிமிடமாகக் காத்திருந்தார். '—' என்று உரக்கச் சொன்னார். வலி 8/10, ஆக்சிஜன் 97%, சர்க்கரை 112. மருந்து 02:20-க்குக் கொடுக்கப்பட்டது. டாக்டருக்கு 02:25-க்குத் தெரிவிக்கப்பட்டது. 02:50-ல் வலி 4/10, அமைதியாகப் படுத்திருக்கிறார்." அந்தக் கோடு இருக்கும் இடத்தில் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், கூச்சப்பட்டுத் 'தகாத வார்த்தை' ஆக்காதீர்கள். சம்பவ அறிக்கையைத் தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுங்கள். அறிக்கை இல்லாத சம்பவத்தைக் காட்டி இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் ஆள் கேட்க முடியாது.

"இதெல்லாம் இந்த வேலையில சகஜம்" என்று சொல்லும் மேலதிகாரிக்குப் பதில் இருக்கிறது. பணியிட வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை 2019-ல் நிறைவேறி 2021-ல் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு வெளியிலிருந்து வரும் மூன்றாம் தரப்பினரின் வன்முறையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. நோயாளியும் உறவினரும் அந்த மூன்றாம் தரப்பில் அடங்குவார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது "அஞ்சாம் பெட் ரொம்ப மோசம், ஜாக்கிரதை" என்று ஒப்படைத்தால், அடுத்து வருபவர் முறைத்த முகத்தோடுதான் உள்ளே நுழைவார், சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அஞ்சாம் பெட் ராத்திரி ரெண்டு மணிக்கு வலியில திட்டினார். மருந்துக்கு அப்புறம் தூங்கினார். அடுத்த டோஸ் எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்கே போய், எட்டு மணிக்கு மருந்து வரும்னு சொல்லிட்டு வந்துடுங்க."