ரப்பருக்கு ஒரு ராத்திரி

கடலடியில் மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் அது. துண்டில் சுற்றி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். புதுச்சேரியில் மகள் வீட்டுக்கு வந்திருந்த தூத்துக்குடிக்காரர். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். "தம்பி, இதைக் கடிச்சுக்கிட்டுத்தான் நாங்க பார்ல இறங்கி சிப்பி எண்ணுவோம்" என்றார்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி வளரும் பாறைத் தளங்களைப் பார் என்பார்கள். 1961-ஓடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனாலும் சிப்பி மறுபடி பிடிக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்காரர்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் அவர்களோடு இறங்கியவர்.

பையில் இருந்தது ஸ்கூபாப்ரோ மார்க் 5 என்கிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதோடு 109 என்கிற உலோக செகண்ட் ஸ்டேஜ். 1970-களின் சரக்கு. கையில் வாங்கும்போதே பித்தளையின் கனம் தெரிந்தது. "பேரன் டைவிங் படிக்கிறான். அவனுக்குக் கொடுக்கணும். ஓடுமா?"

திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா என்றேன்.

டைவ் கடையின் பின்பக்கம், கம்ப்ரஸர் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மேஜைதான் என் இடம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும் (இந்த பார், அழுத்தத்தின் அளவு). அதை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பார் சொச்சம் கூடுதலாக இருக்கும்படி குறைத்து ஹோஸுக்கு அனுப்பும். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து மூச்சு கொடுக்கும். மொத்த வேலையே அவ்வளவுதான். 1943-இல் கடலாய்வாளர் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞனும் செய்த கருவியிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

எந்த ரெகுலேட்டர் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, காற்று உள்ளே நுழையும் வாயில் இருக்கும் ஃபில்டரை. விரல் நுனி அளவு வெண்கலச் சல்லடை. அது துருச் சிவப்பாக இருந்தால் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் தூள் என்றால் கம்ப்ரஸரின் கார்பன் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் தண்ணீர் போயிருக்கிறது. இது நல்ல பச்சை. "இந்த வாயை அடைக்கிற மூடி எங்கே ஐயா?" என்று கேட்டேன். "அது தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு."

மூடியில்லாமல் வாளித் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். உப்பும் களிம்பும் உள்ளே திருகு மரைவரைக்கும் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் பைப் ரெஞ்சைத் தேடக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்தேன். பத்து நிமிஷம், எடுத்து அலசி, மறுபடி பத்து நிமிஷம். ஒரேயடியாக அமிலத்தில் போட்டுவைத்தால் குரோம் உரிய ஆரம்பித்துவிடும். நான்காவது தடவை ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் திருகு மூடி கையோடு வந்தது.

உள்ளே பிஸ்டன். நடுவில் துளையுள்ள தண்டு. அதன் ஒரு முனை கத்தி விளிம்பு மாதிரி மெலிந்து, சீட் என்கிற அடைப்பு வில்லையின் மேல் உட்கார்ந்து காற்றை அடைக்கும். அந்த விளிம்பில் நகம்கூடப் படக்கூடாது. லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அரை நூற்றாண்டு ஆனாலும் அந்த வட்டம் முழுசாக இருந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த விளிம்பு போயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் புதுசாகப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

தண்டைச் சுற்றி ஓ-ரிங் என்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. இந்தப் பக்கம் 200 பார், அந்தப் பக்கம் கடல் நீர். இரண்டுக்கும் நடுவே அது ஒன்றுதான். குழியின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எஃகு ஊசியால் கிண்டினால் ரப்பர் வெளியே வரும், பித்தளையில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே காற்று கசியும். புதிய ஓ-ரிங் போட்டாலும் நிற்காது. அதனால் பித்தளைக் குச்சியால் ஒரு ஓரத்தை மெல்ல நெம்பி, சுருட்டி எடுக்க வேண்டும். அன்றைக்கு இருபது நிமிஷம் ஆனது. வெளியே வந்தபோது விரலால் வளைத்தேன். முறுக்கு மாதிரி ஒடிந்தது.

ஹோஸ் இரண்டும் உலோக முனைக்குப் பக்கத்தில் வெடித்திருந்தன. யோசிக்காமல் தூக்கிப் போட்டேன். செகண்ட் ஸ்டேஜின் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் மூச்சு வெளியேறும் வால்வும் அப்பளம் போல ஆகிவிட்டன. ரிப்பேர் கிட் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் பிடித்தது. அதுவரை கழுவிய பாகங்களை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தேன்.

பழசைப் புதுசாக்குவதில் பாதி வேலைதான் பாகம் மாற்றுவது. மீதிப் பாதி செட்டிங். அதை நான் ஒரு கசப்பான காலையில் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். பயிற்சிக்கு வருபவர்களுக்கான செட் ஒன்றில் புது சீட் போட்டேன். லேசாக இழுத்தாலே காற்று வர வேண்டும் என்ற ஆசையில் செகண்ட் ஸ்டேஜை மிகவும் இலகுவாக வைத்தேன். சாயங்காலம் இழுத்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது. அன்றே பெட்டியில் அடுக்கிவிட்டேன். மறுநாள் படகில் சிலிண்டரைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. முதல் தடவை கடலில் இறங்க வந்திருந்த ஒரு பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேறு செட் கொடுத்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கரைக்கு வந்ததும் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் திட்டவில்லை. சீட்டைக் கழற்றி லென்ஸின் கீழே வைத்துக் காட்டினார். புது ரப்பரில் ஆரிஃபிஸின், அதாவது காற்று வரும் துளைவாயின், விளிம்பு ஒரு வட்டத் தடம் பதித்திருந்தது. "ராத்திரி முழுக்க அழுத்தினதுல இது கொஞ்சம் உள்ள போயிருக்கு. அந்த அளவுக்கு உன் செட்டிங் தளர்ந்துபோச்சு. ரப்பருக்கு ஒரு ராத்திரி கொடுக்கணும்டா. காலைல எடுத்து மறுபடி செட் பண்ணு. அதுக்கப்புறம்தான் அது வேலை முடிஞ்ச ரெகுலேட்டர்."

அன்றிலிருந்து எதையும் அதே நாளில் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி.

தூத்துக்குடி ஐயாவின் ரெகுலேட்டரைக் கோத்து முடித்தபோது சாயங்காலம் ஐந்து மணி. சிலிண்டரில் மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அனுப்பும் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தேன். முள் 9.3 பாரில் நின்றது. காற்றைக் கையால் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தினால் இறங்கும், விட்டால் சட்டென்று பழைய இடத்துக்கே வரும். வந்த பிறகு அது அசையக்கூடாது. மெல்ல மெல்ல ஏறினால் சீட்டில் எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். கடைசியில் செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வரும். ஐந்து நிமிஷம் கேஜின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை. அப்படியே ராத்திரிக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் முள் அதே இடத்தில் இருந்தது. எதிர்பார்த்தபடி செகண்ட் ஸ்டேஜில் மட்டும் காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு ஒரு மெல்லிய சீறல். ஆரிஃபிஸைக் கொஞ்சமே கொஞ்சம் உள்ளே திருகினேன், நின்றது. அப்புறம் வாளிச் சோதனை. வாய்ப்பக்கம் மேலே, முகப்பு கீழே இருக்கும்படி பிடித்துத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் காற்று வர ஆரம்பிக்கிறதோ, டயஃப்ரத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள அந்த உயரம்தான் ஒரு மூச்சைத் திறக்க நுரையீரல் செய்ய வேண்டிய வேலை. மூன்று சென்டிமீட்டரில் வந்தது. இரண்டுக்கும் கொண்டுவந்திருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு ஐயா வந்தார், பேரனையும் கூட்டிக்கொண்டு. வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தார். பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கை தானாகவே தேடிப் பிடித்து அரைச் சுற்று இறுக்கியது. "மேல மிதக்கும்போது இப்படி வச்சுக்குவோம். கீழ போனதும் லூஸ் பண்ணிருவோம்" என்று பேரனிடம் சொன்னார்.

புது மூடியைக் காட்டி, இதைத் துடைத்துக் காயவைத்து மாட்டின பிறகுதான் தண்ணீரில் வைக்க வேண்டும், சிலிண்டரில் இல்லாதபோது அலசினால் பர்ஜ் பட்டனை அழுத்தக்கூடாது, பத்து டைவ் ஆனதும் ஒரு தடவை கொண்டுவர வேண்டும் என்றேன். "அவன்கிட்டயே சொல்லுங்க தம்பி. நான் சொன்னா மறந்துருவான்."

சொல்வதைவிடக் காட்டலாம் என்று பட்டது. பேரனை ஸ்டூலில் உட்காரவைத்து, கேஜை அவன் முன்னால் திருப்பி வைத்தேன். "ஒரு மூச்சு இழு. முள் எங்க வந்து நிக்குதுன்னு பாரு. அப்புறம் அது நகருதான்னு அஞ்சு நிமிஷம் பாத்துக்கிட்டே இரு."

அவன் இழுத்தான். ஐயாவும் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.