அவருக்குத் தெரிந்த நாள்

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தோம். ஒவ்வொரு வழக்கின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு தேதி எழுதுவோம். புகார் வந்த தேதி இல்லை, கடைக்குப் பூட்டுப் போட்ட தேதியும் இல்லை. வாங்கிய பணத்தை இனி திருப்பித் தர முடியாது என்று முதலாளிக்குத் தெரிந்த தேதி. அது பிடிபடாத வரைக்கும் அந்த இடத்தில் கேள்விக்குறி இருக்கும். சில கேள்விக்குறிகள் மை உலர்ந்து, துணியால் துடைத்தாலும் போகாத அளவுக்குப் பழசாகிவிட்டன.

டெபாசிட் மோசடி, கம்பெனி மோசடி வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் குழு ஒன்றுக்குச் சில வருடங்கள் தலைமை வகித்தேன். குழு என்றதும் பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். என்னையும் சேர்த்து ஐந்து வக்கீல்கள், ஒரு குமாஸ்தா. எதிர்த்தரப்பில் ஒரு ஜாமீன் மனுவுக்கே சில நாள் எங்களைவிட அதிகம் பேர் வந்து நிற்பார்கள்.

1997ஆம் வருடத்து முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கோர்ட் வட்டாரத்தில் டான்பிட் என்போம். தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் முளைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன காலத்தில் வந்த சட்டம். டெபாசிட்டைத் திருப்பித் தரத் தவறினாலே அதன்படி குற்றம். 10 வருடம் வரை சிறை. மாநில அரசுக்கு இப்படி ஒரு சட்டம் போட அதிகாரம் உண்டா என்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். 2011இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

தவறினாலே குற்றம் என்றால் எதற்கு அந்தத் தேதி என்று புதிதாகச் சேரும் ஜூனியர் ஒவ்வொருவரும் கேட்பார்கள். டான்பிட்டோடு கூடவே ஏமாற்றுதல் பிரிவும் போடுவோம். பழைய 420. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318(4) ஆகிவிட்டது. (ஒருவனை 420 என்று திட்டினால் ஊருக்கே புரியும். 318(4) என்று எப்படித் திட்டுவது?) அதற்குப் பணம் போனது மட்டும் போதாது. வாங்கும்போதே மனதில் வஞ்சகம் இருந்ததைக் காட்ட வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். நஷ்டப்பட்டவனையும் திருடியவனையும் ஒரே கூண்டில் ஏற்றும் வேலைக்காக நான் கறுப்புக் கோட்டு போடவில்லை.

ஜூனியர்களுக்கு ஆர்பத்நாட் கதையையும் சொல்வேன். 1906 அக்டோபரில் சென்னையில் படுத்த வெள்ளைக்காரக் கம்பெனி. விதவைகள், பென்ஷன்காரர்கள், கோயில்கள் என்று பாதி மாகாணத்தின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. சர் பட்டம் வாங்கிய ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்த அடியில் இருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து அடுத்த வருடமே இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். நம் ஊருக்கு இந்த வியாதி புதிதில்லை என்பதற்காகச் சொல்வது.

சரி, அந்த நகைக்கடை வழக்குக்கு வருகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊர். நகைச் சீட்டு. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ 11 மாதம் கட்டினால் செய்கூலி, சேதாரம் இல்லாமல் நகை. ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம் என்று பலருக்குத் தெரியாது. கம்பெனி டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் கணக்குத் தீர்த்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. பெரிய கம்பெனிகள் அதற்காக 11 என்று வைக்க, சின்னக் கடைக்காரர்கள் காரணம் தெரியாமலே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சீட்டு அட்டைகள் எங்களிடம் அரிசிச் சாக்கில் வந்து சேர்ந்தன. எண்ணூற்றுச் சொச்சம். மேஜையில் கொட்டியதும் அறை முழுக்க விபூதி வாசனை. பாதிப் பேர் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்திருக்கிறார்கள். மூலைகளில் குங்குமமும் மஞ்சளும் வைத்த அட்டைகள் இருந்தன. ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தது: தேதி, அரை லிட்டர், தேதி, அரை லிட்டர், ஒரு நாள் மட்டும் 'விருந்தாளி 1 லி'.

முதலாளி தரப்பின் வாதம் எளிமையானது. தங்கம் விலை ஏறிவிட்டது, பழைய விலைக்கு நகை கொடுத்துக் கொடுத்துக் கையைக் கடித்துவிட்டது, வியாபார நஷ்டம். கேட்டால் நம்பத்தான் தோன்றும். விலை ஏறியதும் உண்மைதான். பலகையில் கேள்விக்குறி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை வரைவோடு வந்தார். முதலாளி, அவர் மனைவி, தம்பி, மேனேஜர், கேஷியர் பெண் என்று ஏ1 முதல் ஏ5 வரை ஐந்து பேர் குற்றம் சாட்டப்பட்டவர்கள். "எல்லாரையும் போட்டுருவோம் மேடம். சம்பந்தம் இல்லாதவங்கள கோர்ட்டே பாத்து விட்டுரும்." அந்த அதிகாரி நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால் இந்த 'கோர்ட் பார்த்துவிடும்' என்பதோடுதான் நான் வருடம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். கோர்ட் பார்த்துவிட ஏழெட்டு வருடம் ஆகும். அதற்குள் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றிருக்கும்.

என் ஜூனியர்களில் அதிகம் பேசாத ஒருத்தி வரைவைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "மேடம், இந்தப் பொண்ண ஏ5ஆ போட்டுட்டா, கடைக்குள்ள நடந்தத நமக்கு யார் சொல்றது?"

கேஷியர் பெண்ணின் சம்பளம் ஒன்பதாயிரம். அவளுடைய அம்மாவும் அதே கடையில் சீட்டுக் கட்டியிருந்தாள். திருடப்போகும் கடை என்று தெரிந்திருந்தால் பெற்ற தாயைக் கட்ட விடுவாளா? அவளைச் சாட்சியாக்கினோம். அவள் வாயிலிருந்து வந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய திறப்பு: "ஆடி மாசத்துக்கு அப்புறம் வசூல பேங்க்ல கட்ட வேண்டாம், வீட்டுக்குக் குடுத்து விடுனு சொன்னாருங்க."

அப்புறம் நூல் பிடித்த மாதிரி மற்றவை வந்தன. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், ஆடி மாதம் முடிந்து பத்து நாளில் முதலாளியின் வீடு மச்சான் பெயருக்குக் கிரையம் ஆகியிருந்தது. கிரையத் தொகை எந்த வங்கிக் கணக்கு வழியாகவும் போகவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு அச்சகத்தின் பில்: புது சீட்டு அட்டை 500. வீட்டைக் கை மாற்றிவிட்ட மனிதன் புது அட்டை அடிக்கக் கொடுக்கிறான். அந்த பில்லைக் கண்டுபிடித்ததும் அதே ஜூனியர்தான். தொகை மூவாயிரத்துச் சொச்சம். கோடிக் கணக்கு ஓடும் ஃபைலில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் கேள்விக்குறியை அழித்துவிட்டுக் கிரையம் ஆன தேதியை அவளே எழுதினாள்.

அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களை முன்வரிசைச் சாட்சிகளாக வைத்தோம். எண்ணூறு பேரையும் கூண்டேற்றினால் வழக்கு எங்கள் பேரன் காலத்தில்தான் முடியும். யாரை விடுவது என்று முடிவு செய்வது கொடுமையான வேலை. "என்ற காசு காசில்லையா?" என்று ஒரு பெரியவர் என் அறை வாசலில் நின்று கேட்டார். சாட்சி சொல்லாவிட்டாலும் உங்கள் தொகை பட்டியலில் இருக்கிறது என்று எழுதிக் காட்டிய பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்கு வேண்டியது கூண்டில் நின்று சொல்லும் அந்த ஐந்து நிமிடம்.

நடுவில் நான் ஒரு பெரிய சறுக்கல் சறுக்கினேன். கடையின் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரிண்ட் அவுட்டுகள்தான் எங்கள் கணக்குக்கு முதுகெலும்பு. அவை இன்ன கம்ப்யூட்டரிலிருந்து முறையாக எடுத்தவைதான் என்று உறுதி சொல்லும், சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் அவற்றோடு இருக்க வேண்டும். 2014லேயே சுப்ரீம் கோர்ட் கட்டாயம் என்று சொல்லி, 2020இல் மறுபடியும் உறுதி செய்த விஷயம். ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான். அப்படியிருக்க, குற்றப்பத்திரிகையைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டபோது அந்தச் சான்றிதழ் இல்லாததை நான் கவனிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, சான்றிதழ் எங்கே?" என்றபோது என் காது சூடாகியது. மனுப் போட்டு, சான்றிதழ் வாங்கித் தாக்கல் செய்து முடிக்க நான்கு மாதம் ஓடிவிட்டது. அந்த நான்கு மாதத்தில் இரண்டு சாட்சிகள் எதிர்த்தரப்போடு சமரசமாகி, முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆனார்கள். எத்தனை பேர் கேட்டாலும் அது என் தவறுதான் என்றே சொல்லியிருக்கிறேன். இப்போது புதுச் சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. ஹாஷ் மதிப்பு (ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் குறியீடு), நிபுணர் கையெழுத்து எல்லாம் சேர்ந்துவிட்டன. தவறுவதற்கு இடம் கூடியிருக்கிறது.

பால் கணக்கு எழுதிய அட்டை ஒரு பாட்டியுடையது. தறிக்குப் போகிறவர். கிரையத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களில் ஒருவர். அட்டையில் இருக்கும் முத்திரைத் தேதி போலி என்று குறுக்கு விசாரணையில் சொன்னார்கள். பின்பக்கத்துப் பால் கணக்கு அதே மாதம் தொடங்கியிருந்தது எங்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. அடுத்து வக்கீல் கேட்டார், "பேராசைப்பட்டுத்தானே கட்டினீங்க?"

பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். "பேத்திக்குத் தோடு எடுக்கறது பேராசைங்களா?"

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

இதே நாட்களில் நாங்கள் எடுக்காமல் விட்ட வழக்கும் ஒன்று உண்டு. ஒரு பனியன் கம்பெனிக்காரர். நூல் விலை ஏறிய வருடம், ஆர்டர் கைநழுவி, திவாலாகிவிட்டேன் என்று மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிட்டார். நம் ஊரில் ஐ.பி. என்றாலும் மஞ்ச நோட்டீஸ் என்றாலும் ஒன்றுதான். 2016இல் திவால் சட்டம் வந்தபிறகு கம்பெனிகள் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. திவாலுக்கு முந்தைய 12 மாதத்தில் சொத்தை மறைத்தால் இயக்குநருக்கு 3 முதல் 5 வருடம் என்று அதில் இருக்கிறது. ஆனால் சென்னைக்கு வெளியே தன் பெயரிலேயே தொழில் செய்யும் தனி ஆளுக்கு இன்னமும் 1920ஆம் வருடத்துச் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். திவாலானவன் அதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். ஐம்பது ரூபாய்க்கு இன்றைக்கு இரண்டு டீயும் இரண்டு வடையும் வரும்.

அவருக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்கள் நாற்பது பேர் திரண்டு வந்து, இதையும் டெபாசிட் மோசடியாகப் போடுங்கள் என்றார்கள். மேலிடத்திலிருந்தும் போன் வந்தது. கணக்குப் புத்தகங்களை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தோம். கடைசி ஆறு மாதத்தில் எந்தச் சொத்தும் யார் பெயருக்கும் போகவில்லை. வேனை விற்றுக் கூலி கொடுத்திருந்தார். மனைவியின் நகை அடகுச் சீட்டு இருந்தது, மீட்கவே இல்லை. தெரிந்தவர்களிடம் வாங்கிய கடன், உரிமையியல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று கருத்து எழுதி அனுப்பினேன். கையூட்டு வாங்கிவிட்டதாக என் காதுபடவே பேசினார்கள். பலகையில் அந்தப் பெயருக்கு எதிரே தேதியே கிடைக்கவில்லை. பெயரையும் சேர்த்து அழித்துவிட்டோம்.

நகைக்கடை முதலாளிக்கு ஏழு வருடம் தண்டனை. அவர் மனைவி விடுதலை. ஹைகோர்ட்டில் அப்பீல், தண்டனை நிறுத்திவைப்பு, அது தனிக் கதை.

ஜெயிலைவிட ஜப்திதான் மக்களுக்கு முக்கியம். அரசாணை போட்டுச் சொத்தை முடக்க வேண்டும், மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ. அதை உறுதிப்படுத்தச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அப்புறம் ஏலம். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் ஆட்சேபம் போடுவார். இருந்தாலும் வீடும் காடும் பரவாயில்லை, நின்ற இடத்தில் நிற்கும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் படுத்தபோது பறவைகள் பட்டினி கிடந்து, அரசாங்கமே அவற்றுக்குத் தீனி வாங்கிப் போட வேண்டி வந்தது. வழக்குச் சொத்து பசிக்கிறது என்று கத்தினால் எந்தப் பிரிவில் மனுப் போடுவது?

மச்சான் பெயரில் இருந்த வீட்டையும் ஜப்தி செய்ய முடிந்தது. கெட்ட எண்ணத்தோடு கை மாற்றிய சொத்தைப் பிடிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஏலம்தான் இழுத்தது. முதல் தடவை ஒருவரும் வரவில்லை. சாபம் பிடித்த வீடு என்று ஊருக்குள் பேச்சு. இரண்டாவது தடவை வந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். மூன்றாவது தடவை வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார், கைகூடியது. மொத்தமாகப் பிரித்தால் ஆளுக்குக் கட்டியதில் பாதிகூடத் தேறாது.

அன்று நானும் போயிருந்தேன், போக வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பாட்டி உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. கடை பூட்டிய பிறகு பணம் கேட்டு மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் காத்துக் கிடந்தவர். ஏலத் தொகையைக் காதில் வாங்கிக்கொண்டு, விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த வீட்டுத் திண்ணைக்கும் சேத்துத்தான வெல போட்டாங்க?"

சேர்த்துத்தான் என்றேன்.

"நல்ல திண்ணைங்க. மூணு நாளு உக்கோந்திருந்தேன், முதுகு வலிக்கவே இல்ல" என்றார்.