அண்ணனா, தம்பியா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. ஜப்பானில் அப்போதுதான் திங்கட்கிழமை பிறக்கிறது, ஷோனென் ஜம்ப் என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) வார இதழின் புது அத்தியாயங்கள் மங்கா ப்ளஸ் செயலியில் ஏறுகின்றன. யாங்கோனில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குக் கரண்ட் இருந்தால் யோகம். இல்லாவிட்டால் போனில் மிச்சமிருக்கும் சார்ஜைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து, டேட்டாவில் பக்கம் பக்கமாக இறங்கும்வரை காத்திருப்பேன். சில நாள் முன்னாலேயே திருட்டுத்தனமாகக் கசிந்துவிடும் பக்கங்களை நான் பார்ப்பதில்லை. யோக்கியன் என்பதால் இல்லை, அந்த மங்கலைப் பார்த்தாலே தலை வலிக்கும்.

மங்கா ப்ளஸை, அந்த இதழை வெளியிடும் ஷூயேஷா பதிப்பகம் 2019 ஜனவரியில் தொடங்கியது. இங்கிலீஷ், ஸ்பானிஷ் என்று ஆரம்பித்து தாய், இந்தோனேசியம், வியட்நாமியம் வரை வந்தாயிற்று. பக்கத்து இலை வரை வந்த பாயசம் எங்கள் இலைக்கு வரவில்லை, பர்மியம் கிடையாது. தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்புறம் அங்கே வராத தொடர்கள்தான் எத்தனை! அவற்றையெல்லாம் யாரோ ராத்திரி கண்விழித்து, காசு வாங்காமல் மொழிபெயர்த்துப் போடுவதால்தான் படிக்கிறோம்.

அந்த 'யாரோ'வில் நானும் கொஞ்சம் சேர்த்தி. ஐந்து பேர் குழு, எனக்கு டைப்செட் வேலை. ஒருவர் பழைய எழுத்தை அழித்து, அழித்த இடத்தில் படத்தைத் திரும்ப வரைந்து தருவார், நான் பர்மிய எழுத்தை உள்ளே உட்காரவைப்பேன். ஜப்பானியம் மேலிருந்து கீழாக எழுதுவதால் பேச்சு பலூன்கள் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். அதற்குள் பர்மியத்தைத் திணிப்பது குடத்துக்குள் யானையை இறக்குகிற மாதிரி. (ஒருமுறை ஆசைக்குத் தமிழில் போட்டுப் பார்த்தேன். 'காத்துக்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல் பலூனைக் கிழித்துக்கொண்டு கதாநாயகியின் நெற்றியில் போய் முடிந்தது.) 2019 அக்டோபரில் நாடு கணினி எழுத்தில் யூனிகோடு முறைக்கு மாறியது, ஆனால் எங்கள் பழைய கோப்புகள் சௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருந்ததால் அவற்றைத் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பி வரும். 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கியதும் குழு டெலிகிராமுக்குப் போனது. அந்தக் கதையை விடுங்கள், தடையைத் தாண்ட விபிஎன் போட்டுக்கொண்டு வாழப் பழகிவிட்டோம்.

எங்களில் யாருக்கும் ஜப்பானியம் தெரியாது. வேறு யாரோ ரசிகர்கள் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பிலிருந்து பர்மியத்துக்குக் கொண்டுவருகிறோம். வம்பு அங்கேதான். போன மாதம் ஒரு தொடரில் புதிதாக ஒருவன் வந்தான், கதாநாயகி அவனை 'பிரதர்' என்று சொல்கிறாள். மொழிபெயர்க்கும் அக்கா உடனே கேட்டார், "மௌங் லே, இவன் இவளுக்கு மூத்தவனா, இளையவனா?" இங்கிலீஷில் ஒரே சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். ஜப்பானியத்தில் அண்ணனுக்கு 'அனி', தம்பிக்கு 'ஒதோதோ'. பர்மியத்தில் இன்னும் கறார், அண்ணன் 'அகோ', ஆனால் தம்பி என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று பார்க்கவேண்டும், ஆண் சொன்னால் 'ஞீ', பெண் சொன்னால் 'மௌங்'. தமிழையும் சேர்த்து மூன்று மொழிக்காரர்களுக்கும் அண்ணன் தம்பி தெரியாமல் வாயே திறக்காது. நடுவில் நின்ற மொழிக்கு மட்டும் அது பொருட்டே இல்லை.

ஆள் உயரமாக இருந்தான், தாடி வேறு. 'அகோ' என்று போட்டோம்.

மூன்று அத்தியாயம் கழித்து அவன் பள்ளிக்கூடச் சேர்க்கைத் தாள் ஒரு கட்டத்தில் வந்தது. அவளைவிட இரண்டு வயது சின்னவன்! வாசகர்கள் சும்மா விடுவார்களா, 'தாடி வைத்த தம்பி' என்று ஸ்டிக்கரே செய்துவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் ஸ்டிக்கர் நன்றாகத்தான் இருந்தது, நானும் சேமித்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் அப்பத்தாவுக்குப் படங்களைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்வது வழக்கம். வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பது அவருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, "பின்னாலேர்ந்து கதை சொல்றான்" என்பார். ஆனால் ஒலிச்சொற்கள் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு ஜப்பானில் 'டோகி டோகி'யாம் என்றேன். "நமக்குத் திக்திக்கு" என்றார் பட்டென்று. மழைக்கு 'ஸா ஸா' என்றதும், "சோன்னு பெய்யுதுன்னு சொல்லு." சத்தமே இல்லாததற்கும் அவர்களிடம் ஒரு சத்தம் உண்டு, 'ஷீன்'. அதற்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, "கப்சிப்பு" என்றார். இங்கிலீஷ் பிரதியில் அந்த இடத்தில் சும்மா 'சைலன்ஸ்' என்று எழுதியிருந்தது.

அந்தத் தாடிக்காரனை அப்பத்தாவிடம் முதலில் காட்டியபோதே, "இது தம்பிப் பய, அக்கா முன்னாடி கைய எங்க வச்சிருக்கான் பாரு" என்று சொல்லியிருந்தார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான்தான் கேட்கவில்லை.

இப்போது மூன்று அத்தியாயத்திலும் 'அகோ'வை எல்லாம் தேடித் தேடி 'மௌங்' ஆக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்றரை அத்தியாயம் பாக்கி. இன்றைக்கு எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் முறை பதினொரு மணிக்கு.