மோட்டார் பொருத்திய பதினைந்து நாள்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளி போனஸில் வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. 450 என்ற அளவு வகை, மெயின் பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர். ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற வண்டிதான், ஆனால் பாடி நேராக இருக்கிறது. மோட்டாரையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியையும் மட்டும் புதிதாக வாங்கினேன். ரிமோட் ஹெலிகாப்டர் எனக்கு இதுதான் முதல் முறை, அதனால் செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

மோட்டார் மேல் 3500 கேவி என்று எழுதியிருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,500 சுற்று, சுமை இல்லாதபோது. மூன்று செல் லைப்போ பேட்டரி 11.1 வோல்ட். பெருக்கினால் 38,850. இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அப்பா விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பல வருடம் சேத்தக் ஹெலிகாப்டரில் வேலை செய்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"சேத்தக் இன்ஜின் 33,500. உன் மோட்டார் அதை விட வேகமா சுத்துதே!"

அவ்வளவு பெரிய இயந்திரமும் என் கட்டைவிரல் உயர மோட்டாரும் கிட்டத்தட்ட ஒரே வேகம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சேத்தக்கில் கியர்பாக்ஸ் அதை இறக்கி, மேலே பிளேடோடு சுற்றும் ரோட்டாருக்கு வரும்போது நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது சொச்சம் ஆக்கிவிடும். என்னிடம் மோட்டார் தண்டில் ஏறும் சின்ன கியர், அதாவது பினியன், 13 பல்; ரோட்டாரைச் சுற்றும் மெயின் கியர் 150 பல். 38,850-ஐ 13-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 3,367. பறக்கும்போது சுமையில் இது இறங்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

வேலை முடிந்து வந்து பினியனை மோட்டார் தண்டில் ஏற்றினேன். தண்டு 3.17 மில்லிமீட்டர். பினியனைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ மட்டும்தான். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக ராவியிருக்கிறது. ஸ்க்ரூ அந்தத் தட்டை இடத்தில் நேராக உட்கார வேண்டும். வளைந்த பக்கத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஒருநாள் வழுக்கும்.

ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் இல்லாமல் முறுக்க வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். வீட்டில் இல்லை. சனிக்கிழமை வரை அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 9, சனி

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் எஸ்பி ரோடு. இந்திராநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்தேன். நீல லாக்டைட், 3.5 மில்லிமீட்டர் புல்லட் கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், நல்ல 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. சிவப்பு லாக்டைட்டையும் எடுத்துக் காட்டினார் கடைக்காரர். அது வேண்டாம், சூடு காட்டினால்தான் கழலும்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே வேலை, பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி. மோட்டாரை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. துளை நீளவாக்கில் இருப்பதால் மோட்டாரை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நெருக்கி வைத்தால் பற்கள் அரைபட்டு மோட்டார் சூடாகும். தள்ளி வைத்தால் பல் நுனி மட்டும் பிடித்து, பிளாஸ்டிக் கியர் வழித்துக்கொண்டு போய்விடும்.

எனக்குக் கை வரவில்லை. அப்பா செய்தித்தாளில் ஒரு நீளத் துண்டு கிழித்துக் கொடுத்தார்.

"ரெண்டு கியருக்கும் நடுவுல இதை விடு. மோட்டாரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூவை முறுக்கு. அப்புறம் கியரைச் சுத்தித் தாளை வெளிய எடு."

தாள் வெளியே வந்தபோது பல்லின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது, எங்கும் கிழியவில்லை. அந்தத் தாளின் தடிமன்தான் இடைவெளி. பெரிய ஹெலிகாப்டரில் டயல் கேஜ் வைத்து அளப்பதும் இதையேதான், பேக்லாஷ் என்பார்கள் என்றார். அதோடு விடவில்லை. மெயின் கியரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு இடத்திலும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு இடத்தில் இறுக்கமாக இருந்தது. பிளாஸ்டிக் கியர் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. அந்த இறுக்கமான இடத்தில் தாளை வைத்து மறுபடி முறுக்கினேன். அங்கே சரியாக இருந்தால் மற்ற இடத்தில் கொஞ்சம் தளர்வு இருந்தாலும் பாதகமில்லை. மூன்று மணி நேரம் ஆனது. ஒரு நிமிடம்கூட வீண் என்று தோன்றவில்லை.

நவம்பர் 13, புதன்

முதல் முறை கரண்ட் கொடுத்த நாள். அதற்கு முன் மெயின் பிளேடு இரண்டையும் வால் பிளேடு இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தேன். இதை யாரும் தவிர்க்கவே கூடாது. ரோட்டார் விட்டம் சுமார் 71 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,700 சுற்றில் பிளேடு நுனி மணிக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வீட்டுக்குள் அது கத்திதான்.

ஈஎஸ்சிக்கு த்ராட்டிலின், அதாவது ரிமோட்டில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதன், மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கற்றுத் தர வேண்டும். ரிமோட்டில் ஸ்டிக்கை முழுக்க மேலே வைத்து பேட்டரியை மாட்டினேன். பீப் சத்தம் வந்ததும் ஸ்டிக்கை முழுக்கக் கீழே இறக்கினேன். மறுபடி பீப். சரி, கற்றுக்கொண்டது.

மெதுவாக ஏற்றினேன். மோட்டார் சுற்றவில்லை. கடகடவென்று நடுங்கியது, அவ்வளவுதான். உடனே பேட்டரியைப் பிடுங்கினேன். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் இப்படித்தான் நடுங்கும். தேடிப் பார்த்தால், ஒரு புல்லட் கனெக்டரில் நான் வைத்த ஈயம் மங்கலாக, மணல் போல இருந்தது. சூடு போதாமல் உறைந்த பற்று. தடித்த வயர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் 60 வாட் சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து மறுபடி பற்று வைத்தேன். இம்முறை பளபளவென்று வந்தது.

மறுபடி பேட்டரி. மோட்டார் வழுவழுவென்று சுற்றியது, மெயின் கியரும் சுற்றியது, ஆனால் பிளேடைப் பிடிக்கும் ரோட்டார் ஹெட் லேசாக இழுபட்டதே தவிர சுற்றவில்லை. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரிதான். தப்பான பக்கம் சுத்துது."

உள்ளே ஒன்-வே பேரிங் இருக்கிறது. பறக்கும்போது மோட்டார் நின்றுபோனாலும் ரோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும், அதற்காக. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்தப் பேரிங் பிடிக்காது. மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் திசை மாறும். மாற்றினேன். ஹெட் சுற்றியது, மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் பக்கமாக. சேத்தக்கும் இதே பக்கம்தான் என்று அப்பா விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்.

நவம்பர் 17, ஞாயிறு

த்ராட்டிலைக் கூட்டினால் மேலே போகும், குறைத்தால் இறங்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தவறு. மோட்டார் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் பிளேடின் கோணத்தில் நடக்கிறது. கோணம் கூடினால் சுமை கூடும், வேகம் விழப் பார்க்கும். அதை விழாமல் பிடிப்பதுதான் ஈஎஸ்சியின் கவர்னர். சேத்தக்கில் டர்பைன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு இன்றுதான் புரிந்தது.

ஈஎஸ்சியில் கவர்னர் ஆன், பிரேக் ஆஃப், சாஃப்ட் ஸ்டார்ட் ஆன். ரிமோட்டில் த்ராட்டில் கர்வை நேர்க்கோடாக 80-ல் வைத்தேன், ஸ்டிக் எங்கே இருந்தாலும் த்ராட்டில் 80 சதவீதம்தான். ரோட்டார் வேகம் ஏறக்குறைய 2,700 வரும். 100-ல் வைத்தால், வேகம் விழும்போது கவர்னருக்குக் கூட்டிக் கொடுக்க இடமே இருக்காது. மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சுக்கு 0. அந்தச் சுவிட்சைக் கண் மூடித் தட்டும் அளவுக்குப் பழகினேன்.

முருகேஷ்பாளையாவில் பறக்கவிட முடியாது, எச்ஏஎல் ஓடுதளம் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் பிளேடு இல்லாமல் மொட்டை மாடியில் ஓட்டினேன். சத்தம் மெல்லத் தொடங்கி, ஏறி, ஒரே சுருதியில் நின்றது. அப்பா சுவரோரம் காதைக் கொடுத்து நின்றார். இரண்டு நிமிடம் ஓட்டி ஹோல்டைத் தட்டினேன். ஹெட் தானாகச் சுற்றிச் சுற்றி நின்றது. மோட்டாரைத் தொட்டேன், வெதுவெதுப்பு மட்டும்தான்.

"கியர் சத்தம் சுத்தமா இருக்கு," என்றார். "இன்னொரு தடவை ஓட்டு."

இன்னொரு தடவை ஓட்டினேன். பிறகு பேட்டரியை, சும்மா வைக்கும்போது இருக்க வேண்டிய அளவான செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து பையில் வைத்தேன். பிளேடுகள் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன.