வெடிச்ச பிறகுதான் ஆபத்து

நம்ம மணவாளக்குறிச்சியில இல்மனைட்டு, மோனசைட்டுங்கிற கனிமங்கள் கடற்கரை மணலிலேயே கிடக்கு. வாரிடலாம், பிரிக்கிறதுதான் பாடு. கர்நாடகத்து ஹட்டி தங்கச் சுரங்கம் அப்படியில்ல, பூமிக்கடியில பாறையை வெடி வச்சு உடைக்கணும். கல்குவாரியில வெடி வேலை பார்த்தவங்க பூமிக்கடியில போனா, முதல்ல பயப்பட வேண்டியது தலைக்கு மேல இருக்கிற கூரைக்கு.

வெடிச்சதும் உள்ளே ஓடக்கூடாது. வெடிப்புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. காத்தாடி புகையை வெளியேத்தி, வாயு அளவுக்கருவி சரின்னு காட்டணும். கல்குவியல்ல தண்ணி அடிச்சாத்தான் சிலிக்கா தூசி அடங்கும்.

அப்புறம் கூரையைத் தட்டிப் பார்க்கணும். நீளக் கடப்பாரையால தட்டினா கணீர்னு கேட்டா திடமான பாறை. பொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல். உறுதியான கூரைக்கு அடியில நின்னு, பின்னால ஒதுங்க வழி வச்சுக்கிட்டு, நெம்பி விழத் தள்ளணும். பாரையை வயித்துக்கு நேரா பிடிக்காதீங்க, உடம்புக்குப் பக்கவாட்டுல பிடிங்க. கல்லு பாரை மேல விழுந்தா மறுமுனை ஆளைக் குத்திரும். அவசரத்துல நிறைய பேரு கோட்டை விடுறது இதுலதான்.

முந்தின துளையோட மிச்சக் குழியில மறுபடி துளை போடவே கூடாது. வெடிக்காத மருந்து உள்ளே இருக்கலாம். ஒரு அடி தள்ளிப் போட சோம்பல்பட்டா உயிரு போகும்.