அப்பாவின் பாக்கிக் காவடி

அப்பாவின் வேண்டுதல் இந்தத் தைப்பூசத்தில்தான் தீர்ந்தது. 1998இல் மொரீசியசில் புது ரூபாய் நோட்டுகள் வந்தபோது தமிழை இந்திக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். ஊரே கொதித்தது. அப்பாவும் கூட்டங்களுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார். அப்புறம் பூஜையறையில் நின்று, "எழுத்து பழைய இடத்துக்கு வந்தால் மூன்று காவடி எடுக்கிறேன், முருகா" என்று சொல்லிவிட்டார். நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 1999இல் வந்த நோட்டில் தமிழ் மேலே ஏறியது. அப்பா இரண்டு காவடி எடுத்தார். மூன்றாவதற்குள் முட்டி போய்விட்டது.

"அந்த ஒன்றை நீ எடுத்துவிடேன், பாப்பா" என்பார் வருடா வருடம்.

சரி என்று விரதம் இருந்து, நாக்கில் அலகு குத்தி, காத்ர் போர்ன் நகரத் தெருக்களில் நடந்தேன். வெறுங்காலில் தார் கொதித்தது. மலைக்கோவில் படிக்கட்டுக்கு அருகில் வந்ததும் வரிசையை நிறுத்திவிட்டார்கள். அரசியல்வாதி ஒருவர் வந்திருக்கிறாராம். மாலை, மைக், முருகனைப் பற்றி இரண்டு வரி, கட்சியைப் பற்றி இருபது நிமிடம். சொம்பில் பால் என்ன ஆகுமோ என்று பதறுகிறது. வாய்விட்டுத் திட்டலாம் என்றால் நாக்கில் அலகு!

யோசித்தால் அப்பாவின் வேண்டுதலும் அரசியல்தான். ஆனால் அப்பா முருகனிடம் கேட்டார். இவர் முருகனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்கிறார்.

படியேறும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. யாரோ ஒரு அக்கா பின்னாலிருந்து முதுகைத் தாங்கினார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேலே பாலை வாங்கி அபிஷேகம் செய்தார்கள். திரியவில்லை! அந்த வெயிலில், அத்தனை நேரம் நின்றும், வெள்ளையாக அவன் தோளில் வழிந்தது. அலகை எடுத்துத் திருநீறு வைத்தார் குருக்கள். பிள்ளையின் பரீட்சை, வீட்டுக்கடன் என்று மனதில் கட்டிக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. முருகா, முருகா என்று அழுததுதான் மிச்சம்.

அப்பா கொடுத்தனுப்பிய நோட்டு இடுப்பில் இருந்தது. மொரீசியசில் அமைச்சராக இருந்த தமிழர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட 100 ரூபாய், அந்த 1998 நோட்டு. நம்மவர் முகம் இருக்கும் நோட்டிலேயே நம் எழுத்தை இறக்கினார்களே என்று இத்தனை வருடம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். உண்டியலில் போட்டேன். எண்ணுகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

கீழே நாற்காலியில் அப்பா.

"போட்டாயா?"

"போட்டுவிட்டேன், அப்பா."

வாழையிலையில் ஏழு கறியும் வந்தது. அப்பா மறுசோறு கேட்டார்.