ஒரே நேரத்தில் எத்தனை

ஒக்டோபர் 3, வெள்ளி

கச்சேரியை ஒரேயடியாகப் பதிய ஒரு பெட்டி தேடல். பெட்டியில் 24 ட்ராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) என்று போட்டிருந்தால் 24 மைக் குத்தலாம் என்றில்லை. டாஸ்கம் டிபி-24 ரெக்கோர்டரில் ஒரு தடவையில் பதிவது 8தான். மிச்சமெல்லாம் பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற. ஸ்கார்லெட் 18ஐ20 என்ற இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 18 உம் இதே கதை: மைக் 8, அடாட் ஒப்டிகல் (ஒளி வயர்) வழியாக 8, எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் இன்புட் 2.

நமக்கு: குரல் 1, வயலின் 1, மிருதங்கம் 2, கஞ்சிரா 1, அறைக்கு 2. ஏழு. சுருதிப் பெட்டி நேரே லைனில். எட்டு.

4, சனி

இரண்டு இன்புட் பெட்டியில் ஒவ்வொருவராய்ப் பதிந்தால் என்ன என்கிறார்கள். மெல்லிசைக்கு ஓகே. குரலும் வயலினும் மாறி மாறி அந்தந்த நேரத்தில் கற்பனை செய்யும் கல்பனாஸ்வரத்துக்கு? வயலின் யாருக்குப் பதில் சொல்லும்?

6, திங்கள்

பழைய சூம் ஆர்16 ஒன்று விலைக்கு வந்தது. எட்டும் ஒரேயடியாகப் பதியும், கணினி தேவையில்லை, கரண்ட் போனாலும் ஆறு ஏஏ பற்றரியில் ஓடும். ஆசைதான். ஆனால் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபண்டம் மின்சாரம் 5 ஆம், 6 ஆம் இன்புட்டுக்கு மட்டும். கண்டென்சர் மைக் நாலு இருக்கிறது: குரல், வயலின், அறை இரண்டு. விட்டாச்சு.

பாடும் அண்ணைக்கு 27 இல் ஃப்ளைட்.

9, வியாழன்

இடி. பிளக் எல்லாம் கழற்றியபடி.

12, ஞாயிறு

முடிவு. நாலு மைக் இன்புட்டும் ஒப்டிகல் உள்வழியும் உள்ள பாவித்த இன்டர்ஃபேஸ் ஒன்று, கூட, எட்டு மைக்கை ஒப்டிகலில் அனுப்பும் பெரிங்கர் ஏடிஏ8200. நாலும் எட்டும் பன்னிரண்டு. ஒன்று செத்தாலும் மாற்று உண்டு. எட்டுக்கு எட்டு வாங்குவது புத்தியில்லை.

அடாட் 1991 இல் அலெசிஸ் அறிவித்த டேப் மெஷின். டேப் போய்விட்டது, அந்த ஒப்டிகல் ஓட்டை மட்டும் இன்னும் வாழ்கிறது. ஒரு வயரில் 48 கிலோஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 48,000 சாம்பிள்) 8 சனல். 96 இல் பாதிதான், அதுவும் 8200 அந்த வேகத்துக்குப் போகாது. 48 போதும்.

ஒற்றை ஒப்டிகல் வயர் என்றால் 8200 தான் மாஸ்டர், அதன் கடிகாரத்தைத்தான் மற்றது பின்பற்றும்: அதில் இன்டர்னல் 48, இன்டர்ஃபேஸில் கடிகாரம் அடாட். இரண்டும் தன்தன் கடிகாரத்தில் ஓடினால் பதிவில் இடையிடையே டிக், டிக். மைக் பழுது என்று நினைத்து நாள் போகும்.

யூஎஸ்பி 3 பெருமை வேண்டாம். 24 பிட், 48 இல் பன்னிரண்டு சனலும் செக்கனுக்கு 14 மெகாபிட்கூட வராது. யூஎஸ்பி 2 இன் அளவு 480.

14, செவ்வாய்

இரைச்சல். லப்டொப் சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது, போட்டால் வருகிறது. எர்த் லூப்: எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொண்டுவந்ததும் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு, பதியும்போது லப்டொப் பற்றரியில்.

எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்களிடம் வாதாட முடியாது. சதுர பின் சொக்கட்டின் எர்த் ஓட்டைக்குள் பேனை விட்டு இரண்டு பின் பிளக்கைத் திணிக்கும் ஊர் இது.

15, புதன்

மிருதங்கத்தின் இரண்டு மைக்கையும் சேர்த்தால் தொப்பியின் (கனத்த ஒலி தரும் இடப் பக்கம்) அடி காணாமல் போகிறது. ஒரு தோல் உள்ளே போகும்போது மற்றது வெளியே வருகிறது, மைக்குகள் எதிரெதிரே. ஒரு சனலின் பொலாரிட்டியை (அலையின் மேல்-கீழை) திருப்பினால் கும்மென்று வருகிறது. அது இயல்பு.

16, வியாழன்

அறை மைக் இரண்டிலும் அதே நோய். இங்கே அது இயல்பு இல்லை: இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஹெட்ஃபோனில் ஏதோ அகலமாய், அழகாய்க்கூட இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டால் குரலே ஒல்லியாகிவிட்டது.

இரவு 11. வயர். கையால் ஈயம் வைத்தது. எக்ஸ்எல்ஆர் மைக் பிளக்கில் 1 எர்த், 2 ஹொட், 3 கோல்ட். ஒரு முனையில் 2 உம் 3 உம் மாறி, அதனால் பொலாரிட்டி திரும்பியிருக்கிறது. மிச்சம் ஏழையும் மீற்றரால் பார்த்தாயிற்று.

19, ஞாயிறு

நாளை தீபாவளி. வெடி ஓயும்வரை ஒன்றும் நடக்காது. கொழும்பு வெள்ளவத்தையில் வெடி ஓய்ந்தாலும் கோச்சி (ரயில்) ஓயாது. குரலுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் போடலாம், தொப்பிக்குப் போட்டால் தொப்பியே போய்விடும். கோச்சி நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டியாச்சு.

22, புதன்

கண்டென்சர் ஒன்று பொரிகிறது. உப்புக் காற்று, ஈரம். இரவு முழுக்க சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில்.

ட்ராக் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. எட்டுக்கு 69. இரண்டு மணித்தியாலம் 8.3 ஜிபி. இடம் தாராளம். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கெயின் (மைக்கின் ஒலிப் பெருக்கம்). 24 பிட்டில் மெல்லப் பதிந்தால் நட்டமில்லை, அளவு மிஞ்சி ஒலி கிழிந்தால் திருத்த முடியாது.

அண்ணையின் தொண்டை இன்னும் சரியில்லையாம்.

24, வெள்ளி

மைக் ஸ்டாண்ட் ஒன்று குறைகிறது.